சவப்பெட்டி மேஸ்திரியும் பதிமூன்று குட்டிகளும்

புதுச்சேரியில் உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்கு எதிர்ச்சாரியில் சவப்பெட்டி செய்துகொண்டிருந்த சகாயநாதன் மேஸ்திரிக்கு அதிர்ச்சி என்ற ஒன்று பிறவியிலேயே வைக்கப்படவில்லை என்பது ஊரறிந்த விஷயம். ஆண்டவர் கண், காது, மூக்கு என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தபோது யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்துவிட்டு வந்தவர், எதை வைத்தோம் எதை விட்டோம் என்று சரிபார்க்காமல் அப்படியே பூமிக்கு அனுப்பிவிட்டார்.

இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. பிரான்சுப் பட்டாளத்தில் சேவித்து ஓய்வுபெற்ற கிழவர் ஒருவருக்கு மேஸ்திரி ஒருமுறை பெட்டி கொண்டுபோனார். உடலைத் தூக்கிப் பெட்டியில் கிடத்தப்போகும் நேரம் பார்த்து, கிழவர் கண்ணைத் திறந்து, "காப்பி வரலையா?" என்று கேட்டுவிட்டார். கூடியிருந்தவர்கள் கதவு வழியாகப் போனார்கள். கதவு போதாதவர்கள் சன்னல் வழியாகப் போனார்கள். மருமகள் மயங்கி விழுந்தாள். துக்கத்தாலா மகிழ்ச்சியாலா என்று இன்றுவரை முடிவாகவில்லை. மேஸ்திரி மட்டும், "சக்கரை போடலாமா பெரியவரே?" என்று விசாரித்துவிட்டு அடுக்களைப் பக்கம் நடந்தார். பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து கடைச் சுவரில் சாத்தி வைத்தார். வேறு யாராவது கேட்டால், "அது சொல்லி வெச்ச பொட்டி. வருவாரு" என்பார்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய தினத்தில் ஊரே கடற்கரைக்கு ஓடியது. அழுதவர்கள் உண்டு, ஆடியவர்கள் உண்டு, இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தவர்களும் உண்டு. பக்கத்து வீட்டில் லாண்டரி வைத்திருந்த தணிகாசலம் மூச்சிரைக்க ஓடிவந்து, "மேஸ்திரி! கொடிய எறக்கிட்டாங்க!" என்றான். ஒரு மூடிக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி நிமிர்ந்து, "மடிச்சா எவ்ளோ நீளம் வரும்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. தொழில்.

இந்தத் தொழிலால் அவருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. எதிரே யார் வந்தாலும் அவர் கண், உச்சந்தலையில் ஆரம்பித்து உள்ளங்கால் வரை ஒருமுறை இறங்கும். பிறகு ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போகும். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனாலும் மேஸ்திரி தெருவில் நடந்தால், நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று உட்கார்ந்துகொள்வார்கள். உட்கார்ந்த ஆளை அளக்க முடியாதாம்.

இப்படிப்பட்ட மனிதர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷத்துக் கத்தரி வெயிலில், ஒரு நாயால் அதிர்ச்சி அடைந்த வரலாறு இது.

மேஸ்திரியின் மனைவி ஆரோக்கியம், வெள்ளைக்காரர் குடியிருப்புப் பக்கம் மதாம் என்று அழைக்கப்பட்ட ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். அந்த அம்மாளின் கணவர் முசியே காலமானபோது, அந்த விசாலமான உடம்புக்கு முழங்கை இடிக்காமல் பெட்டி செய்தவர் நமது மேஸ்திரி. அதனால் மதாமுக்கு அவர்மேல் ஒரு மரியாதை. கொடி மாறிய பிறகு வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். மதாமும் கிளம்பினாள். மேசை, நாற்காலி, பியானோ எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. நாய் மட்டும் போகவில்லை.

அந்த நாயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பெயர் மிஞ்ஞோன். பிரெஞ்சில் சின்னஞ்சிறு செல்லம் என்று அர்த்தமாம். நாலு காலில் நின்றால் மேஸ்திரியின் இடுப்புக்கு வரும்; தலை மட்டும் ஒரு குடம். வெள்ளையும் செம்மண்ணும் கலந்த சடைமுடி. பனி பெய்யும் மலையில் வழி தவறியவர்களைத் தேடிப் பிடிக்கும் சாதி என்று சொல்லிக்கொண்டார்கள். புதுச்சேரியில் பனியும் இல்லை, மலையும் இல்லை. ஆகவே அது பகல் முழுக்கக் குளியலறைத் தரையில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. அந்தச் சாதிக்குப் பெயர் சேன் பெர்னார் என்று தெரிந்த நாளில் ஆரோக்கியத்துக்கு மாரே அடைத்துவிட்டது. கோயிலில் கும்பிடுகிற ஒரு அர்ச்சிஷ்டவர் பெயரை நாய்க்கு வைப்பார்களா? அன்றிலிருந்து நாயைத் திட்ட நேர்ந்தால், திட்டி முடித்ததும் ஒரு சிலுவை போட்டுக்கொள்வாள்.

மதாம் மேஸ்திரியை வரச்சொன்னாள். முப்பது வருஷம் அடுக்களையில் கற்ற தமிழில் பேசினாள்.

"சகாயநாதன், இது வயித்துல குட்டி. கப்பல்காரன் ஏத்த மாட்டான். நீ வெச்சுக்கோ. குட்டி பொறந்து பால் மறந்ததும் இவளை எனக்கு அனுப்பு. குட்டி எல்லாம் நல்ல வீட்டுக்குக் குடு. ஆனா ஒண்ணுகூடச் சாகக் கூடாது."

"சரி மதாம்."

"சரி வேணாம். சத்தியம்."

மாதா படத்தின் முன்னால் நிறுத்தி, வலது கையைத் தூக்கச் சொன்னாள். மேஸ்திரி தூக்கினார். தெருநாய்கள் நாலு போடும், மிஞ்சினால் அஞ்சு போடும் என்பது அவர் கணக்கு. ஆனால் கையைத் தூக்கியதற்குக் கணக்கு மட்டும் காரணமில்லை. அவரிடம் வருகிற அத்தனை பேரும் எல்லாம் முடிந்த பிறகுதான் வருவார்கள். ஒன்றும் நடப்பதற்கு முன்னால் வந்து, சாகக் கூடாது என்று அவரிடம் கேட்டவர் உலகத்தில் இந்த மதாம் ஒருத்திதான்.

"ஒண்ணுகூடச் சாவாது மதாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பிரசவத்துக்குப் பெட்டி செய்ய உட்கார்ந்தார். இருந்தது நல்ல தேக்குப் பலகை. அடுத்து வரப்போகும் கனவான் யாருக்காகவோ வாங்கியது. நாலு பக்கம் அடைப்பு, முன்பக்கம் தாழ்வாசல், மூடி இல்லை. ஆரோக்கியம் வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்தாள்.

"ஏங்க, புள்ள பெறப் போறவளுக்குச் சாவுப் பலகையிலயா படுக்க போடுவீங்க?"

"பலகைக்கு இன்னா தெரியும் ஆரோக்கியம்? சொன்னாதான தெரியும். நீ சொல்லாத."

அகலத்தைப் பார்த்துத் தெரு மிரண்டது. "ஆரு மேஸ்திரி அவ்ளோ பெரிய ஆளு?" என்று கேட்டுக்கொண்டு இரண்டு பேர் துக்க முகத்தோடு வந்துவிட்டார்கள். ஒருவர் மாலையோடு வந்தார். நாய்க்கு என்று தெரிந்ததும், கொண்டுவந்ததை வீணாக்க மனமில்லாமல் மாலையை மிஞ்ஞோன் கழுத்திலேயே போட்டுவிட்டுப் போனார். அது மாலையைத் தின்றுவிட்டது.

வலி கண்டது ஒரு நடுப்பகலில். குதிரைக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்த்துவந்த வெள்ளைக்கார டாக்டர் முந்தின கப்பலிலேயே போய்விட்டிருந்தார். மேஸ்திரி நேரே போய் மருத்துவச்சி கன்னியம்மாளை அழைத்துவந்தார். உப்பளத்தில் தவழும் பிள்ளை, ஓடும் பிள்ளை, கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளை எல்லாம் கன்னியம்மாள் கையில் விழுந்தவைதான். தன் கையில் ஒரு தாயும் செத்ததில்லை என்பது அவளுக்குப் பெரிய பெருமை. அதை நல்ல நாள் கெட்ட நாள் பாராமல் சொல்வாள்.

"ஏன்டா சகாயம், ஒன் ரெண்டு பொண்ணுங்களையும் எடுத்த கையிடா இது. இத்தக் கொண்டு போயி நாய்க்கு நீட்டச் சொல்றியே, நீ நல்லா இருப்பியா?"

"நாயின்னு ஏங்க்கா பாக்குற? வலி வந்தவன்னு பாரு."

உள்ளே வந்து பெட்டியை எட்டிப் பார்த்த கன்னியம்மாள் ஒரு அடி பின்வாங்கினாள். "இது நாயாடா? கன்னுக்குட்டிக்குக் கம்பளி போத்தி வெச்சிருக்க!"

முதல் குட்டி வந்தது. ஒரு சாதாரண வீட்டுப் பூனை அளவு இருந்தது. பிறந்த பூனை இல்லை, வளர்ந்த பூனை என்று தணிகாசலம் பிற்பாடு சத்தியம் செய்தான். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் பெரிய குட்டிதான். மூடிய கண், சப்பை மூக்கு, முகம் முழுக்கச் சுருக்கம். ஓய்வுபெற்ற நீதிபதிபோல இருந்தது. இரண்டாவது வந்தது. மூன்று, நான்கு. மேஸ்திரி திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டார். ஐந்து. "கணக்கு முடிஞ்சுதுக்கா" என்றார். ஆறு.

ஏழாவதில் ஆரோக்கியம் ஜெபமாலையை எடுத்தாள். எட்டாவதில் வாசலில் கூட்டம் சேர்ந்தது. ஒன்பதாவதில் கன்னியம்மாள் நிமிர்ந்து, "டேய், இன்னும் எவ்ளோடா இருக்குது?" என்று மேஸ்திரியை, அவரே உள்ளே வைத்தவர் மாதிரி, அதட்டினாள். வெயில் சாயும்போது பன்னிரண்டு ஆகியிருந்தது. கூட்டத்தில் இருந்த பக்திமான்கள், அப்போஸ்தலர்கள் கணக்கு நிறைந்துவிட்டது, அற்புதம்தான் என்று முணுமுணுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த நேரத்தில் பதிமூன்றாவது வந்தது. மற்றவற்றில் பாதிதான் இருந்தது. பக்திமான்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதிமூன்றாவது ஆள் யார் என்பதற்கு வேதத்தில் சரியான இடம் கிடைக்காமல் அவர்கள் கலைந்து போனார்கள்.

சகாயநாதன் மேஸ்திரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாய் திறந்திருந்தது. மூடவில்லை.

"மேஸ்திரி அதிர்ச்சியாயிட்டாரு!" என்று தணிகாசலம் தெருவுக்கு அறிவித்தான். கலைந்துபோன கூட்டம் திரும்பி ஓடிவந்தது. பதிமூன்று குட்டிகளை யாரும் பார்க்கவில்லை. நாய் எங்கே வேண்டுமானாலும் குட்டி போடும். இந்தக் காட்சி மறுபடி கிடைக்குமா? பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள்.

மேஸ்திரி காதில் ஒன்றும் விழவில்லை. அவர் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். தூக்கிய கை ஒன்று. சத்தியம் ஒன்று. உயிர் பதிமூன்று.

இனி நடந்ததற்குக் காரணம் அன்பு. வெறுப்பால் இத்தனை கொடுமையைச் செய்யவே முடியாது.

கன்னியம்மாள் பிள்ளை பெற்ற உடம்புக்கு என்னென்ன செய்வாளோ அத்தனையும் மிஞ்ஞோனுக்குச் செய்தாள். பச்சை உடம்புக்குக் காற்றுப் படக்கூடாது. சன்னலைச் சாத்திச் சாக்குத் தொங்கவிட்டாள். கதவைச் சாத்தினாள். மூன்று வேளையும் சாம்பிராணிப் புகை. வயிறு தொங்காமலிருக்க ஆரோக்கியத்தின் பழைய புடவையை இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான், குட்டிகள் பால் குடிக்கவேண்டிய இடம் முழுக்கப் புடவைக்குள் போய்விட்டது தெரிந்தது. மனுஷியைப் படைத்தவர் அதை வேறு இடத்தில் வைத்திருந்ததால் இந்தச் சிக்கல் அவளுக்கு அதுவரை வந்ததில்லை. முனகிக்கொண்டே அவிழ்த்தாள்.

பத்தியமும் முறைப்படி. பூண்டு சுட்டுக் கொடுத்தார்கள். பால் ஊறுவதற்குப் பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்திலிருந்து பால்சுறா வரவழைத்துப் புட்டு செய்து கொடுத்தார்கள். அதெல்லாம் மிஞ்ஞோனுக்குப் பிடித்தும் இருந்தது. தண்ணீர் மட்டும் ஓமம் போட்டுக் காய்ச்சி, வேளைக்கு ஒரு டம்ளர்.

"யக்கா, நாக்கு தரையத் தொடுதே. இன்னும் கொஞ்சம் ஊத்தலாமா?"

"ஊத்து. ஜன்னி கண்டு கால இழுத்துக்கும். அப்பறம் ஒன் கையால ஒரு மூடி செஞ்சு மேல போட்டுடு. பொட்டிதான் ரெடியா இருக்குதே!"

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். எத்தனையோ தாய்மாரைப் பிழைக்கவைத்த கை. அவர் கையோ பிழைத்தவர்கள் பக்கமே போகாத கை. எதிர்த்துப் பேச என்ன தகுதி?

தம்மால் முடிந்ததை அவர் செய்தார். மிஞ்ஞோன் திரும்பிப் படுக்கும்போது ஒரு குட்டி அவள் முதுகுக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டி வீல் என்று கத்தியதைப் பார்த்தவர், பெட்டியின் உள்பக்கம் சுற்றிலும் கைப்பிடி அளவு தள்ளி ஒரு சட்டம் அடித்தார். அதற்குப் பிறகு அவள் எப்படிச் சாய்ந்தாலும் சட்டத்துக்குக் கீழே குட்டி ஒதுங்க இடம் இருந்தது. தாய் களைத்துப்போய் நக்கிவிடாத குட்டிகளை அவரே ஈரத் துணியால் பின்பக்கம் துடைத்துவிட்டார். துடைத்தால்தான் அவற்றுக்கு மூத்திரம் வரும். பெரிய பெரிய துரைமார்களுக்குக் கடைசியாகத் தலையணை சரிசெய்த விரல்கள் இந்த வேலையில் இறங்கியதைக் கண்டு ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பால் வற்றத் தொடங்கியது.

முதலில் குட்டிகள் கத்தின. பதிமூன்று வாய், சாத்திய அறை, வெளியே அனல். தெருவில் பிள்ளை பெற்றிருந்த வீடுகளிலிருந்தெல்லாம் பால் புகட்டும் பாலாடையும் சங்கும் வந்தன. ஆட்டுப்பாலைக் காய்ச்சி ஆரோக்கியம் ஒவ்வொன்றுக்கும் புகட்டினாள். கடைசிக் குட்டிக்குப் புகட்டி முடிப்பதற்குள் முதல் குட்டிக்குப் பசி வந்துவிடும். இரண்டு சங்கு, மூன்று சங்கு என்று பெண்கள் மாறி மாறி உட்கார்ந்தார்கள். பற்றவில்லை. பிறகு கத்தல் குறைந்தது. கத்தும்போது கலங்காத மேஸ்திரிக்கு இந்த அமைதிதான் பயமாக இருந்தது. அமைதி அவருக்கு நன்றாகத் தெரியும். அது அவர் தொழில்.

பதிமூன்றாவது குட்டியைத் தூக்கினார். உள்ளங்கையில் அது சில்லென்று இருந்தது. அப்போது அவர் கண், கேட்காமல் கொள்ளாமல், அதன் மூக்கில் ஆரம்பித்து வால்வரை இறங்கியது. பிறகு ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போனது. ஒரு சாண். நாலு விரல். சுருட்டுப் பெட்டிப் பலகை போதும்.

மேஸ்திரி பகீரென்று கண்ணை மூடிக்கொண்டார். பதிமூன்று பிறந்தபோது வந்தது அதிர்ச்சியே இல்லை, இதுதான். தன் முகத்திலேயே இப்படி ஒரு துரோகி உட்கார்ந்திருப்பது அவருக்கு இத்தனை வருஷம் தெரியாது. பட்டறைக்குள் ஓடி, அளவுகோலை எடுத்து, பரணில் கைக்கு எட்டாத தூரத்தில் வீசினார். பலகை ஒட்டும் வச்சிரப் பசையைக் காய்ச்சும் கரியடுப்பின் பக்கத்தில் இழைப்புச் சுருளைக் குவித்து, மெத்தைபோல அமுக்கி, குட்டியை அதில் வைத்தார். பெட்டிக்குள் விரிக்கிற வெள்ளைப் பட்டுத் துணியைக் கிழித்துப் போர்த்தினார். குட்டியின் பக்கம் பார்க்காமலே.

"யக்கா, அவளுக்குத் தண்ணி குடுக்கப் போறேன்" என்றார் வெளியே வந்து.

கன்னியம்மாள் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்தாள். "என்னத் தாண்டிப் போ. என் கையில ஒருத்தியும் செத்ததில்ல. ஒன்னால அந்தப் பேரு எனக்கு வரணுமா?"

"பால் இல்லாம குட்டிங்க செத்துட்டா?"

"தாயி நல்லா இருந்தா அடுத்த பேறு இருக்குதுடா."

"நான் சத்தியம் பண்ணது இந்தப் பேறுக்குக்கா!"

அவர் குரலை உயர்த்திப் பேசி ஆரோக்கியமே கேட்டதில்லை. வழக்கு இந்த நிலையில் இருக்கும்போது மிஞ்ஞோன் தானாகவே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

உள்ளே தடால் என்று ஒரு சத்தம். கதவு கன்னியம்மாளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு திறந்தது. புகைக்குள்ளிருந்து அந்தப் பெரிய தலை வெளியே வந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. வேலியைத் தாண்டவில்லை, வேலி வழியாகப் போனாள். நேரே தணிகாசலத்தின் கொல்லை. அங்கே கோர்ட்டுக்காரர்களின் கோட்டுக்காக அண்டா நிறையக் கஞ்சி காய்ச்சி ஆறவைத்திருந்தான். மிஞ்ஞோன் தலையை உள்ளே விட்டாள்.

"மேஸ்திரி! ஜட்ஜி ஐயா கோட்டுக்கு வெச்ச கஞ்சி! மேஸ்திரி!"

தணிகாசலம் வாலைப் பிடித்து இழுத்தான். இழுத்ததில் அவன்தான் நகர்ந்தான். அண்டாவின் அடி தெரிந்த பிறகு தலை வெளியே வந்தது. அது அடுத்ததாகத் துணி அலசும் தொட்டியைப் பார்த்தது. கிணற்றிலிருந்து இறைத்த புதுத் தண்ணீர், விளிம்பு வரை. குடித்தாள். குடித்தாள். பிறகு ஒரு காலை வைத்தாள்.

"ஐயையோ, புடிங்கடா!" என்று கன்னியம்மாள் கூவினாள். "பச்ச ஒடம்புக்காரி தொட்டியில எறங்குறாடா!"

இறங்கிவிட்டாள். தண்ணீர் நாலு பக்கமும் வழிந்து, உலர்ந்திருந்த சட்டைகளை நனைத்தது. தொட்டிக்குள் முழுசாக உட்கார்ந்து, தாடையை விளிம்பில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். பனிமலையை விட்டு வந்த பிறகு முதல்முறையாக அந்த முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தெரு மொத்தமும் வாயைப் பிளந்து நின்றது. கன்னியம்மாள் தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டாள். "போச்சு. சாயங்காலம் தாங்காது. எம்பேரு போச்சு" என்று முனகினாள். மேஸ்திரி தொட்டியருகே நின்றார். பிடித்து இழுக்கச் சொன்னார்கள். அவர் இழுக்கவில்லை. எது சரி என்று அவருக்குத் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்தால் அது தப்பென்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சற்று நேரத்தில் அவளாகவே எழுந்தாள். உடம்பை உதறினாள், தெருவில் நனையாதவர் இல்லை. வந்த வழியே நடந்தாள். மேஸ்திரி ஓடிப்போய் சன்னல் சாக்கைப் பிய்த்தெறிந்து, மிச்சமிருந்த பட்டுத் துணியால் அவள் வயிற்றை ஈரம் போகத் துடைத்தார். அவள் பெட்டிக்குள் சாய்ந்தாள். குட்டிகள் கண்ணில்லாமல் நீந்தி வந்து முட்டின. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு குட்டியின் வாயோரத்தில் வெள்ளையாக நுரைத்தது. இன்னொன்று. அறை முழுக்கச் சப்பு சப்பு என்று ஒரே சத்தம்.

கன்னியம்மாள் எட்டிப் பார்த்தாள். அதிர்ச்சியை விழுங்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. "பால்சுறா வேல செய்ய மூணு நாளு ஆவும்னு நான் அப்பவே சொல்லல?" என்றாள்.

பன்னிரண்டு குடித்தன. பதிமூன்றாவதைக் கொண்டுவந்து முலையில் வைத்தார்கள். அதற்கு வாயைத் திறக்கவும் தெம்பில்லை. மேஸ்திரி தாயின் பாலைச் சங்கில் பீய்ச்சிக்கொண்டு, குட்டியோடு மறுபடி கரியடுப்போரம் போனார். ஒரு சொட்டு விட்டார். ஓரமாக வழிந்தது. இன்னொரு சொட்டு. அதுவும் வழிந்தது.

அந்த நேரத்தில் வாசலில் கறுப்புக் கோட்டும் டையுமாக ஒருவர் வந்து நின்றார். ஓர் அரசாங்க அலுவலகத்தில் பெரிய எழுத்தராக இருந்த அல்போன்ஸ். சிரித்துப் பார்த்தவர் கிடையாது. அழுதும் பார்த்தவர் கிடையாது. இரண்டும் அலுவலக ஒழுங்குக்கு விரோதம் என்பது அவர் கருத்து.

"மேஸ்திரி, அப்பா காலையில தவறிட்டாரு. சாயங்காலம் அடக்கம். பொட்டி ஒடனே வேணும்."

தொண்ணூறு தாண்டிப் படுக்கையில் கிடந்த பெரியவர். எதிர்பார்த்த சாவுதான். எதிர்பாராதது மேஸ்திரி சொன்ன பதில்.

"கொஞ்சம் பொறுங்க."

அல்போன்ஸ் காதை நம்பவில்லை. சகாயநாதன் மேஸ்திரி யாரையும் காக்கவைத்ததாக உப்பளத்தில் வரலாறு இல்லை. "பொறுக்கறதா? வீட்ல அப்பா காத்திருக்காரு மேஸ்திரி!"

"அவரு காத்திருப்பாருங்க. இது காத்திருக்காது."

அல்போன்ஸ் குனிந்து பார்த்தார். வெள்ளைப் பட்டுக்குள் சுருக்கம் விழுந்த ஒரு முகம். அவருடைய சொந்தக் கோபம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. மேஸ்திரி இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் குட்டி, ஒரு பக்கம் பலகை. கை இரண்டுதான். பெண்களெல்லாம் அந்தப் பன்னிரண்டோடு இருந்தார்கள்.

"சாருக்கு வேலை இருக்குதா?" என்றார்.

"அப்பா செத்திருக்காருய்யா!"

"அதான் கேட்டேன். இப்போதைக்கு ஒண்ணும் இல்லையே. புடிங்க."

புதுச்சேரி அரசாங்கத்தின் முத்திரைகளை மட்டுமே பிடித்துப் பழகிய கையில் சங்கு வந்து சேர்ந்தது. அல்போன்ஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கோட்டின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு இழைப்புச் சுருள்மேல் உட்கார்ந்தார். "தலையக் கொஞ்சம் தூக்கி, நாக்கு மேல விடுங்க. ஒவ்வொரு சொட்டா" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி ரம்பத்தை எடுத்தார். கோல் பரணில் கிடந்தது. பெரியவரை அவர் கண் எப்போதோ அளந்து வைத்திருந்ததால் பாதகமில்லை.

ரம்பம் ஓடியது. அடுப்புக் கரி சிவந்தது. ஒரு சொட்டு வழிந்தது. அல்போன்ஸ் பட்டுத் துணியால் துடைத்தார். ஒரு சொட்டு வழிந்தது. துடைத்தார். வெளியே அவருடைய உறவினர்கள் இரண்டு பேர் பெட்டிக்காக வந்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி மூடியை வைத்துப் பார்த்தார். ஆணி அடிக்கவில்லை; குட்டி திடுக்கிடும் என்று, பலகைகளை வச்சிரத்தால் ஒட்டிக் கயிறு போட்டு இறுக்கினார். அவர் செய்த பெட்டிகளில் சுத்தியல் சத்தம் கேட்காத பெட்டி அது ஒன்றுதான்.

"முழுங்கிடுச்சு!"

பட்டறை அதிர்ந்தது. கத்தியது அல்போன்ஸ். டை ஒரு பக்கம் போயிருந்தது. கோட்டு முழுக்க மரத்தூள். "முழுங்கிடுச்சு மேஸ்திரி! தொண்ட அசைஞ்சுது! நானே பாத்தேன்!" என்று அவர் போட்ட கூச்சலில் தெரு ஓடிவந்தது. தகப்பன் செத்த வீட்டுக்காரர் இப்படிச் சந்தோஷப்படுவதைக் கண்டு, நனைந்த துணியோடு வந்த தணிகாசலம் வாசலிலேயே நின்றுவிட்டான். உறவினரில் மூத்தவர், "அல்போன்ஸு, நாலு பேரு பாக்கறாங்க" என்று பல்லைக் கடித்தார்.

"பாக்கட்டும் சித்தப்பா. இன்னொரு தடவ முழுங்குது பாருங்க."

சித்தப்பா வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். முழுங்கியது. சித்தப்பா நிமிரவில்லை.

மேஸ்திரி அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். தைரியமாகப் பார்த்தார். அவர் கண் குட்டியின் மூக்கில் ஆரம்பித்தது. வாய்க்கு வந்ததும் நின்றுவிட்டது. நாக்கு வெளியே வந்து சங்கின் மூக்கைத் தேடிக்கொண்டிருந்தது. கீழே இறங்க அந்தக் கண்ணுக்கு மனம் வரவில்லை.

"பொட்டி ரெடிங்க" என்றார்.

நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். வாசலைத் தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தால் அல்போன்ஸ் எழுந்திருக்கவில்லை.

"வாடா, நேரமாவுது! சாமியாரு கோயில்ல காத்திருப்பாரு!" என்று சித்தப்பா கூப்பிட்டார்.

அல்போன்ஸ் தலையை நிமிர்த்தாமல் இடதுகையை மட்டும் அசைத்தார். "நீங்க முன்னாடி போங்க. இன்னும் ரெண்டு சொட்டு இருக்குது."